ஞாயிறு கோயில், திங்கள் தேங்காய்

ஒரே வண்டி லாரியாகவும் இருக்க வேண்டும், காராகவும் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது, 'மாப்பிள்ளை கலெக்டராக இருக்கணும், ஆனா வீட்டோட இருக்கணும்' என்பது போல. தப்பான ஆசை இல்லை. கொஞ்சம் பேரம் பேச வேண்டிய ஆசை.

இந்த ஆசைக்குப் பூர்வீகம் ஆஸ்திரேலியா. 1932-ல் அங்கே கிப்ஸ்லாந்து பக்கம் ஒரு விவசாயியின் சம்சாரம் ஃபோர்டு கம்பெனிக்குக் கடிதாசு போட்டார். ஞாயிற்றுக்கிழமை நனையாமல் சர்ச்சுக்குப் போக வேண்டும், திங்கட்கிழமை பன்றிகளை ஏற்றிச் சந்தைக்குப் போக வேண்டும், இரண்டுக்கும் ஒரே வண்டி கிடைக்குமா என்று விண்ணப்பம். லூ பாண்ட் என்ற இளம் டிசைனர் பென்சிலை எடுத்தார். 1934-ல் முன்னால் கார், பின்னால் தொட்டியாக ஒரு வண்டி வெளியே வந்தது. அங்கே இன்றைக்கும் அதை 'யூட்' என்றுதான் செல்லமாகக் கூப்பிடுகிறார்கள்.

நம் நாட்டில் கதை தலைகீழ். 1988-ல் டாடா மொபைல் என்று ஒரு பிக்கப் வந்தது. அதே அடிச்சட்டத்தில் கொஞ்சம் பவுடர் பூசி 1991-ல் சியரா என்று ஃபேமிலி வண்டியாக்கினார்கள். லாரி வீட்டுப் பெண், கார் வீட்டு மருமகளான கதை!

இதெல்லாம் எனக்கு எதற்கு? மச்சினனுக்காகத்தான். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. "மாமா, நீங்க பி.காம். படிச்சவரு. ஒரே வண்டியா டபுள் கேப் பிக்கப் வாங்கிடலாம்னு இருக்கறேனுங்க. கணக்குப் போட்டுச் சொல்லுங்க" என்று போன் செய்தான். பி.காம். படித்தவனுக்கு உலகமே இரண்டு பத்திதான் சார். பற்று, வரவு. பேப்பரை எடுத்தேன்.

முதலில் வரவு. 2016-ல் வந்த இசுசு வி-கிராஸ், 2022-ல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ், இரண்டுமே பார்க்க ராஜா மாதிரி இருக்கும். நான்கு கதவு, ஏ.சி., ஐந்து சீட்டு, பின்னால் தொட்டி. சேற்றில் மாட்டினால் நான்கு சக்கரமும் இழுக்கும். சாண மூட்டை, சொட்டுநீர்க் குழாய், பழுதான மோட்டார் எல்லாவற்றையும் சீட்டில் கறை படாமல் போடலாம். ஹைலக்ஸில் இருப்பது ஃபார்ச்சூனரின் அதே 2.8 லிட்டர் டீசல் இன்ஜின். ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

இப்போது பற்று. அண்ணனுக்குப் பின்னால் காயில் ஸ்பிரிங். தம்பிக்கு லீஃப் ஸ்பிரிங். பாரம் தாங்குவதற்காகச் செய்தது. பாரம் ஏற்றினால் சாதுவாகப் போகும். காலியாகப் போனால் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் 'என் சுமை எங்கே?' என்று துள்ளிக் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது பின் சீட்டில் இருக்கும் மாமியாரின் இடுப்பு.

அடுத்தது நீளம். ஃபார்ச்சூனர் 4.8 மீட்டர். ஹைலக்ஸ் 5.3 மீட்டர். உங்கள் அபார்ட்மென்ட்டில் 5 மீட்டருக்குக் கோடு போட்டிருந்தால், மீதி ஒரு அடி அசோசியேஷன் செக்ரட்டரியின் வாசலில் நிற்கும். அப்புறம் மழை. தொட்டி திறந்த வெளி. மூடி தனியாக வாங்கிப் போடாவிட்டால் கல்யாணத்துக்குக் கொண்டுபோகிற பட்டுப்புடவை, குளித்துவிட்டுத்தான் மண்டபத்துக்குள் நுழையும்.

சரி, தேங்காய்? உரித்த காய் ஒன்று அரைக் கிலோ என்று வைத்தால்கூட, ஆயிரம் காய் அரை டன். ஆளும் ஏறி, காயும் ஏறினால் டபுள் கேப்புக்கு அதுவே மூச்சுத் திணறல். தொட்டியின் அகலத்தைப் பார்த்து மயங்கக்கூடாது. எவ்வளவு எடை ஏற்றலாம் என்று எழுதியிருப்பதைத்தான் படிக்க வேண்டும். பாதி விலைகூட இல்லாத பொலேரோ பிக்கப் ஒரு டன்னுக்கு மேல் அலட்சியமாகச் சுமக்கும்.

"தேய்மானம் கழிச்சுக்கலாம்னு ஷோரூம்ல சொன்னாங்களே மாமா?"

"மாப்ளே, தேங்காய் வருமானத்துக்கு நீ வருமான வரியே கட்டறதில்லை. எதுல இருந்து கழிப்ப? காத்துல இருந்தா?"

எதிர்முனையில் மௌனம். பிறகுதான் நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்று எல்லாரும் நினைக்கிற கேள்விக்கு வந்தேன். அதைக் கடைசிக்கு என்று வேண்டுமென்றேதான் வைத்திருந்தேன். "வீட்டுல எத்தனை பேரு?"

அவன், சம்சாரம், இரண்டு வாண்டுகள், அப்பா, அம்மா. ஆறு. வண்டியில் சீட்டு ஐந்து.

"அதுக்கென்னங்க, அப்பா பின்னாடி தொட்டியில உக்காந்துக்கறேன்னுட்டாரு. காத்தோட்டமா இருக்குமாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமனாருக்கு எழுபது தாண்டிவிட்டது. தனக்கென்று ஒரு சீட்டு கேட்டு வாங்கத் தெரியாத மனுஷன். கிராமத்தில் கிடா வெட்டுக்கும் காதுகுத்துக்கும் தொட்டி நிறைய சொந்தபந்தத்தை அள்ளிப்போட்டுக்கொண்டு போவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பெல்ட் கிடையாது, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. சடன் பிரேக் அடித்தால் தேங்காயும் ஆளும் ஒன்றுதான். கணக்குப்பிள்ளை பாஷையில் இன்னொன்றும் உண்டு. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருகிற ஆளுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அமெரிக்காவில் ஒரு கூத்து நடந்தது. 1964-லிருந்து இறக்குமதி பிக்கப்புக்கு 25 சதவிகித வரி. சுபாரு கம்பெனிக்காரர்கள் 1970-களின் கடைசியில் தொட்டிக்குள்ளேயே இரண்டு பிளாஸ்டிக் சீட்டைப் பதித்து, 'இது லாரி இல்லீங்க, கார்' என்று வரியிலிருந்து தப்பித்தார்கள். வரிக்காக அவர்கள் சீட்டுப் போட்டார்கள். நாம் சீட்டே போடாமல் பெரியவரை உட்கார வைக்கிறோம்.

ஆகவே வண்டி பார்க்கப் போகிற அன்பர்களுக்கு என் சிபாரிசு இதுதான். முதலில் தலையை எண்ணுங்கள், அப்புறம் மூட்டையை எண்ணுங்கள். தலை ஐந்துக்குள் இருந்து, வாரத்தில் பாதி நாள் சேறும் சுமையும் இருந்தால், பிக்கப் தாராளமாக வாங்குங்கள். வருஷத்தில் பத்து நாள்தான் சுமை என்றால், ஏழு சீட்டு வண்டி வாங்கிவிட்டு அந்தப் பத்து நாளுக்குக் குட்டி யானையை வாடகைக்குக் கூப்பிடுங்கள். எதுவானாலும் ஷோரூமுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் மூத்தவரைக் கூட்டிப்போய் பின் சீட்டில் உட்கார வைத்து, ஊரிலேயே மோசமான ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ப்ரோஷரில் இல்லாத விவரமெல்லாம் அவர் முகத்தில் இருக்கும்.

மச்சினன் அப்படியே செய்தான். ஏழு சீட்டு வண்டி புக் ஆகியிருக்கிறது. தோப்பில் காய் வெட்டு நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறைதான். அதையும் வியாபாரியே தன் லாரியில் ஏற்றிப் போய்விடுகிறாராம்!

மாமனார் மட்டும் போனில் கொஞ்சம் குறைப்பட்டுக்கொண்டார். "உள்ள உக்காந்தா காத்தே வராதேங்க மாப்பிள்ளை?"

"ஜன்னலோர சீட்டு உங்களுக்குத்தான் மாமா" என்றேன்.

"அப்படியா? அதை ஆருக்கும் விட்டுக் குடுத்துராதீங்க" என்றார் மெதுவாக.