பில் போடும் கம்ப்யூட்டருக்கும் ஒட்டுப் போட வேண்டும்

பில் போடும் கம்ப்யூட்டரில் அப்டேட் வந்திருப்பதாக அறிவிப்பு தோன்றினால், "பிறகு" என்பதை அமுக்கிவிட்டு அடுத்த சரக்கைப் போடுகிறோம். கடை நேரத்தில் வேறென்ன செய்வது என்பீர்கள். எங்கள் மண்டியிலும் அப்படித்தான். போதாக்குறைக்கு, பழுது பார்க்க வந்த பையன், வேகம் குறைகிறதென்று அப்டேட்டையே நிறுத்திவிட்டுப் போனான். நாங்களும் சரியென்று இரண்டு ஆண்டுகள் விட்டுவைத்தோம்.

முழு சிஸ்டமும் மறுபடி இறங்கும் என்பதுதான் நம் பயம். அது முன்பு. 2003-ல் காலின் பெர்சிவல் என்பவர், பழைய கோப்புக்கும் புதிய கோப்புக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சிறு ஒட்டாக அனுப்பும் முறையை ஃப்ரீபிஎஸ்டி என்ற இலவச சிஸ்டத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அதிலுள்ள சிக்கலை நாம் எளிதில் புரிந்துகொள்ளலாம். பேரேட்டின் நடுவே ஒரு தாள் சேர்த்தால், பின்னால் உள்ள பக்க எண்கள் எல்லாம் தள்ளிப் போகும். முகப்பு அட்டவணையும் தப்பாகிவிடும். புரோகிராமிலும் ஒரு சிறு திருத்தத்தால் ஆயிரம் இடங்களில் எண் மாறும். அத்தனையையும் எழுதி அனுப்பாமல், "இதற்குமேல் எல்லாவற்றிலும் இரண்டு கூட்டிக்கொள்" என்பது போலச் சுருக்கி அனுப்புவதுதான் சாமர்த்தியம். விண்டோஸும் 2018 முதல் இவ்விதமான வித்தியாச ஒட்டுகளையே பயன்படுத்துகிறது. அப்படியும் சில நூறு எம்.பி. ஆகலாம், அதை மறைப்பதற்கில்லை.

ஆனால் பழைய கோப்பு எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தால்தான் ஒட்டு பொருந்தும். யாரோ கைவைத்த திருட்டுக் காப்பியில் பொருந்தும் என்று நம்பக்கூடாது. அரிசி மூட்டையில் எடை குறைந்தால் சண்டைக்குப் போகும் நாம், சிஸ்டத்தை மட்டும் ஓசியில் கேட்பது சரியல்ல என்பதே எங்கள் அபிப்பிராயம்.

2017 மே 12-ல் வான்னாகிரை வைரஸ் நூற்றைம்பது நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டி, 300 டாலர் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே ஸ்தம்பித்தன. அதற்கான ஒட்டு மார்ச் 14-லேயே வந்துவிட்டது! போடாதவர்கள்தான் மாட்டினார்கள். நம் கடன் பாக்கியும் ஜி.எஸ்.டி. கணக்கும் அந்தப் பெட்டிக்குள்தானே இருக்கின்றன?

மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று திருத்தம் விடுகிறது. நமக்கு அது இரவு. மறுநாள் கடை அடைத்ததும் கணக்கைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, அப்டேட்டை ஓடவிட்டு வீட்டுக்குப் போகலாம். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அதை வைத்திருப்பவர்கள், அடுத்த கொள்முதலுக்கு முன் ஆளைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.