பலாலியின் தூரமும் பயணத்தின் நேரமும்

தேசப்படத்தை விரித்துப் பார்த்தால் சென்னை, பலாலி, கட்டுநாயக்க ஆகிய மூன்று விமான நிலையங்களும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் அமைந்திருப்பதைக் காணலாம். பலாலியிலிருந்து சென்னைக்கு வான்வழியே சுமார் 355 கிலோமீற்றர். கட்டுநாயக்கவிலிருந்து சுமார் 645 கிலோமீற்றர். ஆயினும் யாழ்ப்பாணத்து நோயாளி ஒருவர் சென்னையில் சிகிச்சை பெற வேண்டுமாயின், தெற்கே 400 கிலோமீற்றர் வரை தரைவழியே சென்று, பின்னர் வந்த திசையிலேயே வடக்கு நோக்கிப் பறக்க வேண்டியிருந்தது. பல தசாப்தங்களாக இதுவே எமது மக்களின் விதியாக இருந்து வந்துள்ளது.

இது புதிதாகக் கேட்கப்படும் சலுகையன்று. 1947 டிசெம்பரில் எயார் சிலோன் நிறுவனம் நடத்திய முதலாவது பயணமே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான். காங்கேசன்துறை விமான நிலையம் என அன்று வழங்கப்பட்டது பலாலியேயாகும். யுத்தம் துண்டித்த அத்தொடர்பு 2019 ஒக்டோபர் 17இல் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டதோடு புத்துயிர் பெற்றது. கொவிட் பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசெம்பரிலேயே மீண்டது. 2024 செப்டெம்பரில் இன்டிகோ நிறுவனம் சென்னைச் சேவையையும், 2025 மார்ச்சில் திருச்சிராப்பள்ளிச் சேவையையும் ஆரம்பித்தது. திருச்சி பலாலியிலிருந்து 185 கிலோமீற்றர் அளவிலேயே உள்ளது. அதாவது, கொழும்பை விடவும் அண்மையது.

இங்கு ஒன்றைக் கவனத்திற் கொள்ள வேண்டும். வானில் கழியும் நேரத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. பலாலிக்கு வருவது எழுபது பேரளவில் ஏற்றும் ஏ.ரி.ஆர். வகைச் சுழல்விசிறி விமானம். சென்னைக்கு அது ஒன்றேகால் மணித்தியாலமளவில் எடுக்கும். கட்டுநாயக்கவிலிருந்து புறப்படும் ஜெட் விமானம் ஏறத்தாழ இருமடங்கு தூரத்தை ஒன்றரை மணித்தியாலத்திற்குள் கடந்துவிடும். இதைக் காட்டி, பலாலியினால் என்ன பயன் என்று வினவுவோரும் உளர். இராப் பேருந்தில் எட்டு மணித்தியாலம் அமர்ந்து, விமான நிலையத்தில் மேலும் மூன்று மணித்தியாலம் காத்திருக்கும் முதியவரிடம் அவர்கள் இக்கேள்வியைக் கேட்டுப் பார்க்கட்டும். மிச்சமாவது தரையில் கழியும் நேரமேயன்றி வானில் கழிவதன்று. மன்னார், வவுனியா மக்களுக்கும், யாழ்ப்பாணத்தில் மீளக்குடியேறிய முஸ்லிம் குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

பெரிய விமானங்கள் வருவதற்கு ஓடுபாதை நீளவேண்டும். சிக்கல் தொடங்குவது இங்குதான். ஓடுபாதையைச் சூழவுள்ளவை வலிகாமம் வடக்கு மக்களின் காணிகளாகும். 1990இல் வெளியேறியவர்களில் ஒரு பகுதியினர் உயர் பாதுகாப்பு வலயம் விடுவிக்கப்படுமென இன்றும் காத்திருக்கின்றனர். விமான நிலையத்தின் பெயரால் அக்காணிகள் நிரந்தரமாகப் பறிபோகுமாயின், ஒரு சாராரின் பயண வசதிக்கு மறுசாரார் தமது வீடு வளவை விலையாகக் கொடுத்ததாகவே முடியும். விமான நிலையமும் வேண்டும், காணியும் வேண்டும் என்று கேட்பது முரண்பாடன்று. ஓடுபாதைக்கு உண்மையிலேயே தேவைப்படும் நிலம் எவ்வளவு, படையினரின் பயன்பாட்டிலுள்ளது எவ்வளவு என்பதை வெவ்வேறாக அளந்து வெளியிடுவதில் அரசாங்கத்திற்கு என்ன தயக்கம்? ஓடுபாதைக்கெனக் கையகப்படுத்தப்படும் ஒவ்வொரு துண்டுக்கும் உரிமையாளரின் சம்மதமும் உரிய நட்டஈடும் முன்கூட்டியே உறுதிசெய்யப்படல் வேண்டும். எஞ்சிய காணிகளை விடுவிப்பதற்கு விரிவாக்கப் பணிகள் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.