இரண்டு வாரத் தொண்டும் இரண்டாயிரம் டாலர் வீடும்



கோடை விடுமுறை பிறந்ததும் அமெரிக்காவின் விமான நிலையங்களில் ஒரு காட்சியைக் காணலாம். இருபது முப்பது மாணவ மாணவிகள், எல்லோரும் ஒரே நிறத்தில் பனியன் போட்டுக்கொண்டு, முதுகில் மூட்டையுடன் வரிசையில் நிற்பார்கள். பனியனில் சர்ச்சின் பெயரோ, கல்லூரியின் பெயரோ, ஒரு பைபிள் வசனமோ அச்சடித்திருக்கும். அவர்கள் போவது மெக்ஸிகோ, கௌதமாலா, ஹோண்டுராஸ், டொமினிக்கன் குடியரசு போன்ற ஏழை நாடுகளுக்கு. ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்துச் சுவருக்கு வர்ணம் பூசுவார்கள். ஒரு வீட்டுக்குக் கல் எடுத்துக் கொடுப்பார்கள். பிள்ளைகளைக் கூட்டி வைத்து ஏசுநாதர் கதை சொல்லிப் பாட்டுப் பாடுவார்கள். பிறகு அந்தப் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். இதற்குக் “குறுகிய கால மிஷன்” என்று பெயர்.

இது ஏதோ பத்து இருபது பேர் செய்கிற காரியம் என்று எண்ண வேண்டாம். 2005-ல் நடந்த ஒரு கணக்கெடுப்பை வைத்து, பிரின்ஸ்டன் சர்வகலாசாலைப் பேராசிரியர் ராபர்ட் வுத்னோ, அமெரிக்க சர்ச் அங்கத்தினர்களில் வருஷத்துக்குச் சுமார் 16 லட்சம் பேர் இப்படி அயல்நாடு போய் வருவதாக மதிப்பிட்டார். 16 லட்சம் பேரின் விமானக் கட்டணம் எவ்வளவு ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்!

ஒரு விஷயத்தை ஆரம்பத்திலேயே சொல்லி விடுகிறேன். இந்த வாலிபர்களைக் கேலி செய்வது என் நோக்கமல்ல. அவர்கள் கும்பிடுகிற தெய்வத்தைப் பற்றியும் பேச்சில்லை. அது அவரவர் நம்பிக்கை. விடுமுறையைக் கடற்கரையில் கழிக்காமல், பிறத்தியாருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கிளம்புகிற பிள்ளைகளின் மனசு நல்ல மனசுதான். ஆனால் நல்ல மனசு வேறு, நல்ல காரியம் வேறு. இந்த யாத்திரையால் யாருக்கு லாபம் என்பதே கேள்வி.

ஆயுள் முழுவதும் போனவர்கள்

இந்த வழக்கத்துக்கு ஒரு பூர்வோத்தரம் உண்டு. 1886-ம் வருஷம், அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து மவுண்ட் ஹெர்மன் என்ற இடத்தில் கல்லூரி மாணவர்களின் மாநாடு ஒன்று நடந்தது. அங்கே 100 மாணவர்கள் மிஷனரிகளாக அயல்நாடு போவோம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். அதிலிருந்து பிறந்த மாணவத் தொண்டர் இயக்கத்தின் மூலம் பிற்பாடு சுமார் 20,000 பேர் கப்பலேறினார்கள். அவர்களில் ஒருவரான ஷெர்வுட் எட்டி 1896-ல் இந்தியாவுக்கு வந்து, தமிழ் கற்று, நம் மாணவர்களிடையே வேலை செய்தார்.

அந்தக் கால மிஷனரிகளோடு நமக்கு வழக்கு உண்டு. வெள்ளைக்காரன் கொடியின் நிழலில்தான் அவர்களில் அநேகர் வந்தார்கள். அதை மறக்க வேண்டாம். ஆனாலும் நியாயத்தைச் சொல்ல வேண்டும். அவர்கள் வந்தால் வந்ததுதான். 1838-ல் சென்னையில் இறங்கிய கால்டுவெல் 1841-ல் இடையன்குடிக்குப் போனார். 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். 1891-ல் அவர் இறந்ததும் இந்த மண்ணில்தான். ஊராரின் பாஷையைப் பேசினார். ஊராரின் பஞ்சத்தையும் காய்ச்சலையும் கண்ணால் கண்டார். ஊராரும் அவரைப் பார்த்தார்கள். இவர் எப்படிப்பட்டவர் என்று எடை போட அவர்களுக்கு வருஷக்கணக்கில் அவகாசம் இருந்தது.

பிறகு காலம் மாறியது. 1957-ல் ஜார்ஜ் வெர்வர் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவரும் அவருடைய இரண்டு சிநேகிதர்களும் கோடை விடுமுறையில் மதப் பிரசுரங்களோடு மெக்ஸிகோவுக்குப் போய் வந்தார்கள். 1960-ல் வாலிபர்களைக் கொஞ்ச காலத்துக்கு மட்டும் அனுப்புவதற்கென்றே ஒரு ஸ்தாபனம் தோன்றியது. விமானப் பயணம் பெருகப் பெருக, ஆயுள் முழுவதும் என்றிருந்தது வருஷமாகி, மாதமாகி, கடைசியில் வாரமாயிற்று. பாஷை தெரியாது, பக்கத்து வீட்டுக்காரன் பெயர் தெரியாது. தெரிந்து கொள்வதற்குள் திரும்பும் விமானம் வந்து விடுகிறது!

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்

1998 அக்டோபர் கடைசியில் “மிட்ச்” என்ற பெரும் புயல் மத்திய அமெரிக்காவைத் தாக்கியது. ஹோண்டுராஸ் தேசம் சின்னாபின்னமாயிற்று. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். மண்சரிவிலும் வெள்ளத்திலும் வீடிழந்தவர்களுக்கு எண்ணிக்கை இல்லை. உடனே வட அமெரிக்காவிலிருந்து கோஷ்டி கோஷ்டியாக சர்ச் தொண்டர்கள் வந்து வீடு கட்டிக் கொடுத்தார்கள். உள்ளூர்க் கிறிஸ்தவ ஸ்தாபனங்களும் உள்ளூர் ஆட்களை வைத்து வீடு கட்டிக் கொடுத்தன.

இந்த இரண்டையும் ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்தார். அவர் நம்மைப் போன்றவர் அல்ல, பக்தியுள்ள கிறிஸ்தவர். கால்வின் கல்லூரி என்ற கிறிஸ்தவக் கல்லூரியின் பேராசிரியர் கர்ட் வெர் பீக். ஹோண்டுராஸிலேயே குடியிருந்தவர். அவர் கண்ட கணக்கு இதுதான்: உள்ளூர் ஸ்தாபனம் கட்டிய வீட்டுக்கு ஆன செலவு சுமார் 2,000 டாலர். அமெரிக்கக் கோஷ்டி வந்து கட்டிய வீட்டுக்கு, அவர்கள் பிரயாணச் செலவையும் சேர்த்தால், சுமார் 30,000 டாலர்!

அதாவது ஒரு கோஷ்டி வந்து போன காசில் 15 குடும்பங்களுக்குக் கூரை கிடைத்திருக்கும். ஒரு குடும்பத்துக்குத்தான் கிடைத்தது. இரண்டு வகை வீடுகளிலும் குடியேறியவர்களை விசாரித்தபோது, அவர்கள் வாழ்க்கையில் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. வீடு வீடுதான். கட்டியவன் விமானத்தில் வந்தானா, கால்நடையாக வந்தானா என்று மழை பார்ப்பதில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். நம் வாசகர்களில் கொத்துவேலை தெரிந்தவர்கள் இருப்பீர்கள். தூக்குக்குண்டு பிடித்துச் சுவர் நிமிர்த்த எத்தனை நாள் பழக வேண்டும்? புத்தகம் தவிர வேறு எதையும் தூக்கியறியாத பிள்ளைகள் கரணையைக் கையில் எடுத்தால் சுவர் எப்படி இருக்கும்? அதுகூடப் போகட்டும். புயலில் வீட்டோடு வேலையையும் இழந்த ஹோண்டுராஸ் கொத்தனும் சித்தாளும் கைகட்டி நின்று, கடல் தாண்டி வந்தவர்கள் செங்கல் அடுக்குவதை வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கிறதே, அது என்ன தர்மம்? கூலியும் சம்பாதித்து, தன் தெருவைத் தானே எழுப்பினேன் என்ற பெருமையும் அடைந்திருக்க வேண்டியவன், தானம் வாங்குகிறவனாக நிறுத்தப்படுகிறான்.

“அந்தப் பணம் வேறு எப்படி வரும்?”

இதற்கு அவர்கள் சொல்கிற பதில் ஒன்றுண்டு. “நேரில் போனால்தான் மனம் இளகும், போகாவிட்டால் யாரும் இவ்வளவு பணம் கொடுக்க மாட்டார்கள். போய் வந்த பிள்ளைகள் ஆயுள் முழுவதும் ஏழைகளை நினைப்பார்கள்” என்கிறார்கள்.

வாதத்தின் முதல் பாதியில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை யாரைக் காட்டிக் கொடுக்கிறது? பணம் வீட்டுக்காக வரவில்லை, யாத்திரைக்காக வந்தது என்பதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள் அல்லவா? இரண்டாவது பாதியையும் வெர் பீக் சோதித்துப் பார்த்தார். போய் வந்தவர்களைப் பின்னால் விசாரித்ததில், தர்மம் கொடுப்பதிலோ பிரார்த்தனை செய்வதிலோ நிலையான பெரிய மாறுதல் ஏதும் இல்லை என்று கண்டார்.

எல்லா யாத்திரையும் வீண் என்று நான் சொல்லவில்லை. கண்புரை அறுக்கத் தெரிந்த டாக்டர், உள்ளூர் ஆஸ்பத்திரி அழைத்ததன் பேரில் போய் நூறு பேருக்குப் பார்வை கொடுத்தால், அது தங்கமான காரியம். அவரிடம் கைத்தொழில் இருக்கிறது, அழைப்பும் இருக்கிறது. இரண்டும் இல்லாமல் அன்பு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போவதுதான் ஆபத்து.

எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஹைத்தியில் நடந்ததே சாட்சி. 2010 ஜனவரி 12-ல் அங்கே பயங்கரப் பூகம்பம். அந்த மாதக் கடைசியில் அமெரிக்க சர்ச் கோஷ்டி ஒன்றைச் சேர்ந்த 10 பேர், 33 குழந்தைகளை உரிய பத்திரம் எதுவும் இல்லாமல் எல்லை தாண்டி டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டு போக முயன்று பிடிபட்டார்கள். அநாதைகளை ரட்சிக்கிறோம் என்றார்கள். விசாரித்தால், அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள்! அவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள். ஊரும் பாஷையும் தெரியாத பெரியவர்களுக்கே இந்தக் கதி என்றால், பதினெட்டு வயசுப் பிள்ளைகளைச் சொல்வானேன்?

1968 ஏப்ரலிலேயே ஒருவர் இதை முகத்துக்கு நேராகச் சொன்னார். இவான் இல்லிச் என்ற கத்தோலிக்க குருவானவர். மெக்ஸிகோவில் தொண்டு செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களின் மாநாட்டில் பேசும்போது, பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், ஆனால் உதவி செய்கிறேன் என்று மட்டும் வராதீர்கள் என்ற கருத்தைச் சொன்னார். கேட்டவர்களுக்குக் கசந்திருக்கும். மருந்து கசக்கத்தான் செய்யும்.

பனியனைத் திருப்பிப் பாருங்கள்

ஹோண்டுராஸ் ஏன் ஏழையாயிற்று? புயல் வந்தது 1998-ல். அதற்கு முன்னால் அங்கே பாலும் தேனுமா ஓடியது? நல்ல நிலமெல்லாம் யுனைடெட் புரூட் முதலான அமெரிக்க வாழைப்பழக் கம்பெனிகளின் கையில் இருந்தது. ரயிலும் துறைமுகமும்கூட அவர்களுடையவை. 1954-ல் 25,000-க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் 69 நாள் வேலைநிறுத்தம் செய்து அந்த தேசத்தையே உலுக்கினார்கள். அதன் பலனாகத்தான் அங்கே சங்கம் சட்டபூர்வமாயிற்று. 1959-ல் தொழிலாளர் சட்டத் தொகுப்பும் வந்தது. இரண்டு வாரத் தொண்டனுக்கு இதையெல்லாம் யார் சொல்கிறார்கள்? அவன் பார்ப்பது ஒழுகுகிற குடிசையை. குடிசைக்குப் பின்னால் இருக்கிற கம்பெனிக் கணக்கை அல்ல.

பிற்காலத்தில் வாழையோடு பனியனும் சேர்ந்து கொண்டது. சோலோமா என்ற ஊரில் ரஸ்ஸல் கம்பெனிக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. அமெரிக்கச் சர்வகலாசாலைகளின் பெயர் பொறித்த உடுப்புகளை விற்கிற கம்பெனி அது. தொழிற்சாலையில் 1,200 பேர் வேலை செய்தார்கள். சங்கம் அமைத்தார்கள். 2009 ஜனவரியில் கம்பெனி தொழிற்சாலையை இழுத்து மூடியது. சரக்குக்குக் கிராக்கி இல்லை என்றது. சர்வகலாசாலைகளின் ஆதரவில் இயங்கும் தொழிலாளர் உரிமைக் கண்காணிப்பு ஸ்தாபனம் விசாரித்து, சங்கத்தின் மேலுள்ள விரோதமும் மூடியதற்கு முக்கிய காரணம் என்று சொன்னது. இந்த வித்தை நம் ஆலைத் தொழிலாளிக்குப் புதிதா என்ன!

அப்போது வேறொரு மாணவர் கூட்டம் கிளம்பியது. இவர்கள் செங்கல் அடுக்கப் போகவில்லை. ஹோண்டுராஸ் தொழிலாளிகளைத் தங்கள் கல்லூரிகளுக்கு வரவழைத்து, அவர்கள் வாயாலேயே விஷயத்தைக் கேட்டார்கள். பிறகு நிர்வாகத்தின் கதவைத் தட்டி, எங்கள் கல்லூரிப் பெயரை அந்தக் கம்பெனிக்கு விற்காதே என்றார்கள். கூடைப்பந்து இறுதிப் போட்டி நடந்த ஆர்லாண்டோவிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் போய் மறியல் செய்தார்கள். ஏறக்குறைய நூறு கல்லூரிகள் ஒப்பந்தத்தை ரத்து செய்தன அல்லது நிறுத்தி வைத்தன. கம்பெனி பணிந்தது. 2009 நவம்பரில், தொழிற்சாலையைத் திரும்பத் திறப்பதாகவும், 1,200 பேரையும் வேலைக்கு எடுப்பதாகவும், சங்கத்தை எதிர்ப்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டது.

இரண்டு கூட்டமும் மாணவர்கள்தான். இரண்டும் அதே ஹோண்டுராஸை நினைத்துத்தான் புறப்பட்டன. ஒரு கூட்டம் 30,000 டாலர் செலவழித்து ஒரு குடும்பத்துக்கு வீடு கொடுத்தது. இன்னொரு கூட்டம் 1,200 குடும்பங்களுக்குச் சம்பளம் திரும்பக் கிடைக்கத் துணை நின்றது. சம்பளம் வந்தால் வீட்டை அவனவன் கட்டிக்கொள்வான். முதல் கூட்டம் ஏழையின் மேல் இரக்கப்பட்டது. இரண்டாவது கூட்டம் தொழிலாளியின் பேச்சைக் கேட்டது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதுதான் எல்லாம்.

நமக்கு இதில் என்ன?

சோலோமாவில் தைத்த பனியனும் திருப்பூரில் தைத்த பனியனும் ஒரே அமெரிக்கக் கடைக்குத்தான் போய்ச் சேருகின்றன. அங்கே சங்கம் உடைந்தால், அதைக் காட்டி இங்கே கூலியைக் குறைப்பார்கள். இங்கே கூலி குறைந்தால், அதைக் காட்டி அங்கே மூடுவார்கள். ஆகவே இது யாரோ ஒரு தூர தேசத்துக் கதை அல்ல.

அந்த மாணவப் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியது இதுதான்: தம்பிகளே, தங்கைகளே, உங்கள் நல்ல மனசை விட்டுவிடாதீர்கள். ஆனால் கிளம்புமுன் கேளுங்கள்: எங்களை யார் அழைத்தார்கள்? நாங்கள் செய்யப் போகிற வேலையை அந்த ஊர்க்காரன் கூலிக்குச் செய்ய முடியாதா? அந்தப் பாஷையில் பத்து வார்த்தையாவது எங்களுக்குத் தெரியுமா? இதற்கெல்லாம் பதில் இல்லையென்றால் விமானச் சீட்டை வாங்காதீர்கள். போட்டிருக்கிற பனியனைக் கழற்றி, கழுத்துப் பட்டையில் தைத்திருக்கிற துண்டில் எந்த தேசத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அதைத் தைத்த கைக்கு என்ன கூலி கிடைத்தது என்று உங்கள் ஊர்க் கடைக்காரனைக் கேளுங்கள். அவன் பதில் சொல்லும்வரை விடாதீர்கள்.