இறக்கத்தில் நிற்குமா?

ஹட்டனுக்கும் டிக்கோயாவுக்கும் இடையில், பிரதான வீதியிலிருந்து விலகி மேலேறிப் போகும் ஒரு தோட்டத்தில் என் அக்காவின் வீடு இருக்கிறது. கடந்த முறை போயிருந்தபோது வாசலில் கறுப்பு நிறத்தில் ஒரு வாகனம் நின்றது. தூரத்தில் பார்த்து மோட்டார் சைக்கிள் என்றே நினைத்தேன். கிட்டப் போனால் பெடல் இருந்தது. மின்சார மலைச் சைக்கிள். முன்னாலும் பின்னாலும் ஷொக் பொருத்தியது. அந்த வகையில் விலை குறைந்தது என்று சொல்லி விற்கப்படுவது. கம்பனியின் பெயர் இங்கு வேண்டாம். பெயர் மாறினாலும் இந்த விலைக்கு வரும் வண்டிகளின் குணம் பெரும்பாலும் ஒன்றுதான்.

வாங்கியவன் அக்காவின் மகன். மேல் டிவிசனில் உள்ள பாடசாலையில் ஆசிரியன். வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையே ஏறத்தாழ 300 மீற்றர் உயர வித்தியாசம். முச்சக்கர வண்டிக்குக் கொடுத்தே சம்பளம் கரைகிறது என்று ஏழு மாதச் சம்பளத்துக்கு நிகரான தொகையைத் தவணையில் கட்டி வாங்கியிருந்தான்.

"ஒருவாட்டி ஏறிப் பாருங்க மாமா. சும்மா பறக்கும்" என்றான்.

முப்பது வருடம் கொழுந்து எடுத்து ஓய்ந்த அக்கா, வாசற்படியில் உட்கார்ந்தபடி ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: "அது சரிடா, எறக்கத்துல நிக்குமா?"

நாங்கள் சிரித்தோம். நான் சிரித்தது தவறு என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்தது.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். மலையகத்துக்குச் சைக்கிள் அந்நியம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்தில் படித்தபோது என் அறை நண்பன் யாழ்ப்பாணத்தான். 1990க்குப் பின்னர் பொருளாதாரத் தடையால் எரிபொருளும் பற்றரியும் குடாநாட்டுக்கு எட்டாமற்போன காலத்தில் சைக்கிள்தான் அங்கே பேருந்து, லொறி, அம்புலன்ஸ் எல்லாம். இருபது வயதுவரை எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்றபோது அவன் நம்பவில்லை. "உங்கட ஊரில சைக்கிளே இல்லையோ?" என்று கேட்டான். இருந்தது, தோட்டத்துத் தபால்காரரிடம் ஒன்று. அவர் அதை ஓட்டியதைவிடத் தள்ளிக்கொண்டு போனதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

காரணம் எளிது. 1885இல் நானுஓயாவுக்கு வந்து சேர்ந்த ரயில் பாதையை வெள்ளைக்காரன் 44 அடிக்கு ஓர் அடிக்கு மேல் ஏறாதபடி மலையை வளைத்து வளைத்துப் போட்டான். இயந்திரத்துக்கு அவ்வளவு இரக்கம். லயத்துக்கும் மலைக்கும் இடையே போட்ட ஒற்றையடிப் பாதைக்கு எந்தக் கணக்கும் கிடையாது. கால் இருக்கிறது, ஏறிக்கொள்ளட்டும் என்பதே கணக்கு. மன்னார்க் கரையிலிருந்து நடந்தே மலைக்கு வந்த மக்கள் அல்லவா! அந்த வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனார்கள். பலருக்கு அது நினைவேந்தல். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது திங்கட்கிழமைக் காலை.

ஆகவே, மலையில் ஏறும் சைக்கிள் என்பது எங்கள் ஊருக்குச் சிறிய செய்தியன்று.

ஏறினேன். ஐம்பது கடந்த, கொழும்பில் மேசைக்குப் பின்னால் முப்பது வருடம் உட்கார்ந்த உடம்பு. முதல் வளைவில் பெடலை மிதித்ததும் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியது போலிருந்தது. சிறுவயதில் மூச்சிரைக்க ஏறிய அதே பாதையில் தேயிலைச் செடிகள் இரு பக்கமும் பின்னோக்கிப் போயின. பிரட்டுக்களம், பிள்ளைக் காம்பரா, கோயில் எல்லாம் கடந்து மேலே நின்று பார்த்தபோது கண் கலங்கியது என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. இது நேர்மையான முதல் அனுபவம். வண்டியைப் பாராட்டி அங்கேயே பதிவை முடித்திருக்கலாம்.

ஆனால் ஏறியவன் இறங்க வேண்டும்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். வண்டி 28 கிலோ. மருமகனும் அவன் பையும் சேர்த்து ஏறத்தாழ 100 கிலோ. அதை 300 மீற்றர் உயர்த்த ஏறத்தாழ 82 வாட்-மணி சக்தி தேவை. மோட்டார் பின்சக்கரத்தின் நடுவில் இருக்கிறது. இவ்வகை மோட்டார் சமதரையில் நன்றாக உழைக்கும். செங்குத்தில் சக்கரம் மெதுவாகச் சுழலும்போது மின்சாரத்தில் கணிசமான பகுதி சூடாகவே போய்விடும். கால் கொடுக்கும் பங்கை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஓர் ஏற்றத்துக்கு 120 வாட்-மணி என்று வைக்கலாம். பற்றரி 48 வோல்ட், 10 அம்பியர்-மணி. அதாவது 480. நாலு ஏற்றத்தில் காலி. விளம்பரத்தில் போட்டிருந்த 60 கிலோமீற்றர் எந்த ஊர்ச் சமவெளியில் அளந்ததோ! விலை கூடிய வண்டிகளில் மோட்டார் பெடல் அச்சில் இருக்கும். கியரைக் குறைத்து அதன் வேகத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். மலிவு வண்டியில் அந்த வசதி இல்லை.

இதுகூடப் பெரிய குறையன்று. இரவில் பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் ஏற்றிக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியது மறுபாதி. ஏறும்போது செலவான அந்த 82 வாட்-மணி இறங்கும்போது எங்கே போகிறது? கியர் பூட்டிய இவ்வகைப் பின்சக்கர மோட்டார்களில் பெரும்பாலானவை அதைப் பற்றரிக்குத் திருப்பித் தருவதில்லை. மெதுவாக இறங்கினால் ஏறத்தாழ முழுவதும் பிரேக்கில் சூடாக இறங்குகிறது. ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. ஒரு கேத்தல் தேநீர்த் தண்ணீரை இரண்டு சிறிய தட்டுகளில் கொதிக்க வைக்கிறோம், கம்பியால் இழுக்கும் மலிவான பிரேக்கை நம்பி.

திரும்பி வரும்போது மூன்றாவது வளைவில் எனக்கு அது புரிந்தது. பிடி கைப்பிடிவரை வந்துவிட்டது. வண்டி வேகம் குறையவில்லை. ஈரப் பாதை. பின்பக்க ஸ்பிரிங், குழியில் அமுங்கி மெதுவாக மீள்வதற்குப் பதிலாக, இருக்கையோடு என்னைத் தூக்கிப் போட்டது. எதிரே கொழுந்து லொறி. நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், பள்ளத்துப் பக்கம் போகாமல் மேட்டுப் பக்கத்துக் கானுக்குள் வண்டியை விட்டதுதான். முழங்கை சிராய்ப்பும் சேறும்தான் மிச்சம். லொறிச் சாரதி இறங்கி வந்து, "ஐயா, இந்த வயசுல ஏன்யா இதெல்லாம்?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை.

பத்திரிகைக்காரன் புத்தி சும்மா இருக்காது. இதே வகை வண்டி வைத்திருக்கும் இருவரை அடுத்த நாட்களில் தேடிப் போனேன். ஒருவர் தலவாக்கலையில் கடை வைத்திருப்பவர், மற்றவர் நுவரெலியாவில் வழிகாட்டியாக இருக்கும் இளைஞர். முதல் வாரம் எப்படி இருந்தது என்று கேட்டால் இருவரும் ஏற்றத்தைப் பற்றியே பேசினார்கள், கண் விரிய. இப்போது எப்படி என்று கேட்டபோது பேச்சு மாறியது. கடைக்காரரின் குறை, பின்னால் கரியர் பூட்ட முடியவில்லை என்பது. பின்சக்கரமே மேலும் கீழும் அசையும் வண்டியில் சாதாரணக் கரியர் நிற்காது. சாமான் ஏற்றத்தான் வாங்கினார், இப்போது முதுகில் மூட்டை. இளைஞருக்கோ மழைக்காலத்து மண்ணில் பிரேக் கட்டைகள் தேயும் வேகம் தாங்கவில்லை. "ஷொக் இருக்கிற மூட்டெல்லாம் இப்பவே கடகடன்னு ஆடுது சேர். சாமான் கொழும்புலயும் இல்லை" என்றார்.

இனி என் கருத்து. குறைந்த விலையில் முழு ஷொக் என்பது பெரும்பாலும் கண்ணுக்கு விற்கப்படும் சரக்கு. விலையைக் கட்டிப்போட்டுவிட்டுப் பின்ஷொக்கையும் அதற்கான மூட்டுகளையும் சேர்க்க வேண்டுமானால் வேறெங்கோ குறைக்க வேண்டும். குறைப்பது கடையில் நின்று பார்க்கும்போது தெரியாத இடத்தில், அதாவது பிரேக்கில். பின்ஷொக் இல்லாத எளிய சட்டம், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் நல்ல பிரேக், அகன்ற டயர், ஒரு கரியர் - இதே பணத்துக்கு இதுவே எங்கள் ஊர் வண்டி. அழகாக இராது. ஆனால் இரண்டு மூன்று கிலோ குறையும். உள்ளூர்க் கடைக்காரரே பழுது பார்ப்பார்.

மலைச் சைக்கிள் பிறந்த கதையும் இதையே சொல்கிறது. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் மாவட்டத்து இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் ஒரு மலைப்பாதையில் இறக்கப் போட்டி நடத்தினார்கள். 1976இல் தொடங்கிய அந்தப் போட்டிக்குப் பெயர் 'ரீபெக்'. பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கும் அந்தக் காலத்துப் பிரேக் சூடேறி, உள்ளே இருந்த கிறீஸ் புகைந்து போகும். ஒவ்வொரு முறையும் கழற்றிப் புதிதாகக் கிறீஸ் அடைக்க வேண்டும். அதனால் வந்த பெயர். பிரேக் தீய்ந்த இடத்திலிருந்துதான் மலைச் சைக்கிள் என்ற வண்டியே வளர்ந்தது.

இந்த வண்டி யாருக்கு என்ற கேள்வியும் இருக்கிறது. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பெக்கோ நடைபாதை 22 கட்டங்களாக அமைந்து இன்று உலகப் பயணிகளை இழுக்கிறது. பழைய தேயிலைக் காலத்துப் பாதைகள்தாம் அவை. உல்லாசப் பயணிகள் வரட்டும். வழிகாட்டிப் பிள்ளைகளுக்கு வருமானம் வரட்டும், மகிழ்ச்சி. ஆனால் அதே மலைகளில் பாடசாலைக்கும் மருந்தகத்துக்கும் நடப்பவர்களுக்கு இந்த மோட்டார் விளையாட்டுப் பொருளல்ல. 2022 யூனில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாயான நாட்களையும், பின்னர் கியூஆர் அட்டைக்கு முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர் என்று அளந்து ஊற்றிய நாட்களையும் யாரும் மறந்திருக்க முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின்போது மண்சரிவில் வீதிகள் அறுந்தன. அப்போதும் கால்தான் வாகனம்.

விலையைப் பாருங்கள். வெளிநாட்டுச் சந்தையில் இவ்வகை வண்டிக்கு 1,500 டொலர் என்று வைத்துக்கொண்டு, டொலர் 300 ரூபாய் என்று கணக்கிட்டால், வரிகளைச் சேர்க்காமலே 4 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாய் ஆனது. 2025 நவம்பரில் முன்வைத்த வரவுசெலவுத் திட்டம், அரசின் 200 ரூபாய் வருகை ஊக்குவிப்போடு சேர்த்து அதை 1,750 ஆக்க முன்மொழிந்தது. அந்த 1,750இலேயே கணக்கிட்டாலும், ஒரு சதம் செலவழிக்காமல் 257 நாள் வேலை செய்ய வேண்டும். இது அவர்களுக்கான வண்டியல்ல என்று கைவிரிப்பது எளிது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தோட்ட ஆசிரியர்களுக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் தபால்காரர்களுக்கும் இலகு கடனில், நல்ல பிரேக்கோடு, உதிரிப்பாகம் கிடைக்கும் எளிய வண்டி ஒன்றைக் கொண்டுவருவது அரசுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் முடியாத காரியமல்ல. முதலில் தேவை, கேட்பவர்கள் தெளிவாகக் கேட்பது.

புலம்பெயர்ந்த நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊரிலுள்ள தங்கைக்கோ மருமகனுக்கோ இப்படி ஒன்று வாங்கிக் கொடுக்க நினைத்தால், மோட்டாரின் வாட்டையும் ஷொக்கின் பளபளப்பையும் பார்க்காதீர்கள். சரிவான இடத்துக்குக் கொண்டுபோய், முழுப் பாரத்தோடு, ஈரத்தில் நிறுத்திப் பாருங்கள்.

கானிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தேன். 28 கிலோவைத் தள்ளி இறங்குவதும் ஒரு வேலைதான். மருமகன் பதறிப் போனான். அந்தச் சனிக்கிழமையே ஹட்டனில் ஒரு மோட்டார் சைக்கிள் திருத்துபவரிடம் கொண்டுபோய், எண்ணெய்ப் பிரேக் பூட்ட முடியுமா என்று கேட்டான். முடியும் என்றார். பணத்தில் பாதி நான் கொடுத்தேன்.

அக்கா என் முழங்கையில் மஞ்சள் பூசிவிட்டார். திட்டவில்லை. நாற்பது கிலோ கொழுந்தைச் சுமந்துகொண்டு மழையில் சரிவிறங்கிய கால் அவருடையது. ஏறும் சிரமம் எல்லோருக்கும் தெரியும். விழுவது இறக்கத்தில்தான் என்பது சுமந்தவர்களுக்குத்தான் தெரியும். அடுத்த தடவை எந்தப் புதுப்பொருளைப் பற்றியும் எழுதுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் எழுதப் போகிறேன்.