சொடுக்குவதும் ஆராய்ச்சியும்

நேற்றிரவு பதினொரு மணிக்கு எங்கள் ஆய்வகத்தில் இளைய மாணவி ஒருவர் நுண்ணோக்கிப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தார். மொத்தம் 384 படங்கள். இமேஜ்ஜே மென்பொருளில் திறப்பது, த்ரெஷோல்ட் வைப்பது, செல்களை எண்ணுவது, எண்ணை எக்செலில் ஒட்டுவது. மூன்று நாள்களாக இதே வேலை. கடின உழைப்பாளி என்று எல்லோரும் அவரைப் பாராட்டுகிறார்கள். எனக்கு அந்தப் பாராட்டில் உடன்பாடில்லை.

முதலாண்டில் நானும் அப்படித்தான் உழைத்தேன். ஓரிடத்தில் எண்ணை ஒரு வரிசை தள்ளி ஒட்டிவிட்டேன். அதன்பின் வந்தவை யாவும் அடுத்த மாதிரியின் பெயரில் பதிவாயின. ஐந்து மாதம் கழித்தே அதைக் கண்டேன். எந்தப் படத்துக்கு என்ன அளவு வைத்தேன் என்பதற்கும் எழுத்துச் சான்று இல்லை. என் வரைபடம் முழுவதும் என் ஞாபகத்தின்மேல் நின்றிருந்தது.

இது என் ஒருவனின் கவனக்குறைவு மட்டுமன்று. மார்ச்1, செப்ட்2 என்னும் மரபணுப் பெயர்களை எக்செல் தேதிகளாக்கிவிடும் சிக்கல் 2004இலேயே அச்சில் வந்தது. எக்செல் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருந்ததை 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் மரபணுக்களின் பெயரையே மாற்ற நேர்ந்தது: இன்று அவை மார்ச்எஃப்1, செப்டின்2.

நிரல் தவறே செய்யாது என்று நான் சொல்லவில்லை. தவறான அளவைக் கொடுத்தால் 384 படங்களிலும் அதே தவற்றை அலுக்காமல் செய்யும். ஆனால் அந்தத் தவறு ஒரு வரியில் எழுதப்பட்டிருக்கும். திருத்தி மீண்டும் ஓட்டலாம். கையின் பிழையை எங்கே போய்த் தேடுவது?

இன்று காலை அவருடன் அமர்ந்து இமேஜ்ஜேயின் மேக்ரோ ரெக்கார்டரைத் திறந்தோம். நாம் சொடுக்கும் ஒவ்வொன்றையும் அது கட்டளையாக எழுதிக்கொள்ளும். அதைக் கோப்புறை முழுவதற்கும் சுழலவிட்டு, அவர் கையால் எண்ணி முடித்திருந்த 200 படங்களுடன் ஒப்பிட்டோம். பெரிதும் வேறுபட்டவை ஏழு. ஐந்தில் பிழை கையுடையது. இரண்டில், ஒட்டியிருந்த செல்களை நிரல் ஒன்றாக எண்ணியிருந்தது.

பிப்பெட் பிடிக்க முதல் வாரமே கற்பிக்கிறோம். நெறியாளர்களே, ஒரு மேக்ரோ எழுதவும் அதைச் சோதித்துப் பார்க்கவும் முதலாண்டுப் பாடத்தில் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். மாணவர்களின் இரவுகளைச் சொடுக்குவதில் செலவழித்துவிட்டு, அவர்கள் ஏன் சிந்திப்பதில்லை என்று பிறகு கேட்காதீர்கள்.