கணினித் தொழிலும் பிறவி மூளையும்

கணினிக்கு நிரல் எழுதும் தொழிலைக் கற்கப் புகுந்த வாலிபர்களில் பலர் இரண்டு மூன்று மாதங்களுக்குள்ளாகவே அதைக் கைவிட்டு விடுகின்றார்கள். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், "அதற்கென்று ஒரு மூளை வேண்டும், அது எனக்கில்லை" என்கின்றார்கள். வீட்டுப் பெரியவர்களோ, "அவன் தலையில் எழுதினது அவ்வளவுதான்" என்று முடித்து விடுகின்றார்கள். இவ்விரண்டு பதில்களும் வார்த்தையில் வேறாகத் தோன்றினாலும் கருத்தில் ஒன்றேயாகும். தலையெழுத்து என்னும் பழைய சரக்கிற்கே மூளை என்று புதுப்பெயர் வைத்திருக்கின்றார்கள் என்பதுதான் நமது அபிப்பிராயம்.

சமீபத்தில் நம்மிடம் வந்த ஒரு வாலிபரும் இதையேதான் சொன்னார். அவர் விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்து, தாயாரின் கம்மலை அடகு வைத்துச் சம்பளம் கட்டிப் பயிற்சியில் சேர்ந்தவர். பைத்தான் என்னும் கணினி மொழியில் நாற்பது வரி எழுதி, இரவு முழுவதும் ஓட்டிப் பார்த்தும் பிழை, பிழை என்றே வந்ததாம். காலையில் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டு விட்டார். அந்த நிரலை வாங்கி விஷயந் தெரிந்த தோழர் ஒருவரிடம் காட்டினோம். ஒரு வரியின் கடைசியில் முக்காற்புள்ளி இல்லை, அவ்வளவுதான். எத்தனையாவது வரியில் தவறு என்பதைக் கணினியே இங்கிலீஷில் சொல்லியும் இருந்தது. சிவப்பெழுத்தைக் கண்ட பயத்தில் அவர் அதைப் படிக்கவேயில்லை. ஒரு தாயின் கம்மலும் ஒரு பிள்ளையின் பிழைப்பும் ஒரு முக்காற்புள்ளிக்குப் பலியாவதா என்று கேட்கின்றோம்.

மின்னணுக் கணினிக்கு நிரல் எழுதும் தொழில் உலகத்தில் தோன்றி இன்னும் நூறு வருஷங்கூட ஆகவில்லை. அப்படியிருக்க, அதற்கான மூளை எந்த வம்சத்திற்குப் பரம்பரைச் சொத்தாக இருந்திருக்க முடியும்? அமெரிக்காவில் எனியாக் என்னும் கணினிக்கு நிரல் அமைக்க 1945-ல் ஆறு பெண்கள் தெரிந்தெடுக்கப்பட்டார்கள். அவர்களுக்குப் பாடப் புத்தகமும் கிடையாது. சொல்லிக் கொடுக்க முன்னோரும் கிடையாது. யந்திரத்தின் வரைபடங்களை வைத்துக்கொண்டு தாங்களாகவே கற்றார்கள். பெண்களுக்குக் கணக்கு வராது என்று பேசுகின்றவர்கள் இதற்கு என்ன பதில் சொல்லுவார்கள்?

இனி, கெட்டிக்காரர்களுக்குப் பிழையே வராது என்று நினைப்பதும் தவறேயாகும். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் எட்சாக் என்னும் கணினியைக் கட்டிய குழுவின் தலைவர் மாரிஸ் வில்க்ஸ் என்பவர். யந்திரத்தைக் கட்டிய அவரே 1949-ல் அதற்கு 126 வரியில் எழுதிய ஒரு நிரலில் சுமார் 20 பிழைகள் இருந்தன. தமது மீதி வாழ்நாளில் பெரும்பகுதி தம்முடைய பிழைகளைத் தேடுவதிலேயே கழியப் போகின்றது என்பது அப்போதுதான் தமக்கு விளங்கிற்று என்று அவர் பிற்காலத்தில் எழுதினார். அதற்காக அவர் தொழிலை விட்டு ஓடிவிடவில்லை. ஆகவே, பிழை தேடுவது இத்தொழிலில் ஒரு பெரும்பகுதியே தவிர, தகுதியில்லை என்பதற்கு அத்தாட்சியல்ல.

நிற்க, விடாமுயற்சி என்பது வெறும் பிடிவாதமுமல்ல. எழுதியதில் ஒன்றையும் மாற்றாமல் பத்துத் தடவை ஓட்டி, "இந்தத் தடவையாவது வராதா" என்று பார்ப்பது ஜெபம் செய்வதற்கே சமானமாகும். ஆயுத பூஜையன்று கணினிக்குப் பொட்டு வைத்துவிட்டால் முக்காற்புள்ளி முளைத்துவிடுமா? கணினி நம் மனதிலுள்ளதை ஊகிப்பதில்லை. எழுதியதை எழுதியபடியே செய்கின்றது. ஆதலால், வந்த பிழையை முதலில் படிக்க வேண்டும். சொல்லப்பட்ட வரியையும் அதற்கு மேல் வரியையும் பார்க்க வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றை மாத்திரம் மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். தெரியாததைக் கேட்க வெட்கப்படக் கூடாது. பிறர் எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டிவிட்டுக் கற்றுவிட்டதாகவும் நினைக்கக் கூடாது.

"இப்போது யந்திரமே நிரல் எழுதித் தருகின்றதே, நாம் ஏன் கற்க வேண்டும்?" என்று சிலர் கேட்கின்றார்கள். யந்திரம் எழுதித் தருவது வாஸ்தவந்தான். ஆனால் அதிலும் பிழை வருகின்றது. பிழையை அறியத் தெரியாதவன் அது கொடுத்ததைப் பிரசாதம்போல் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

கற்ற எல்லோருக்கும் மறுநாளே உத்தியோகம் கிடைத்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லிப் பணம் பறிப்பவர்களிடம் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். ஆனால், முயன்று பார்த்து விடுவது வேறு. பிறவியிலேயே இல்லை என்று முயலாமலே விடுவது வேறு. முன்னது அனுபவம், பின்னது மூடநம்பிக்கை.

மேலே சொன்ன வாலிபர் ஊருக்குப் போகவில்லை. அவருக்கு இன்றும் தினந்தோறும் பிழை வந்துகொண்டுதான் இருக்கின்றது. இப்பொழுது அதைப் படிக்கின்றார்.