கணினி ஆய்வகத்தில் கேட்கவும் தெரியவேண்டும்



பிழைப்புக்காக மும்பையிலும் பெங்களூரிலும் வந்து குடியேறிய நம் குடும்பங்களிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படியேறுகிறவர்கள் உங்களில் பலர். கைப்பேசி ஏறக்குறைய எல்லார் கையிலும் இருக்கிறது. கணினியின் நிலை அப்படியல்ல. 2017-18ஆம் ஆண்டில் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75ஆவது சுற்றின்படி, நகரங்களில்கூட நூற்றுக்குச் சுமார் 23 வீடுகளில்தான் கணினி இருந்தது. கிராமங்களில் சுமார் 4 வீடுகளில். ஆகவே பி.சி.ஏ. முதலாண்டில் ஆய்வகத்திற்குள் நுழையும் நாளில்தான் விசைப்பலகையின்மேல் முதன்முறையாக விரல் வைக்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

அப்படிப்பட்டவருக்கு அடுத்த இருக்கையில், பள்ளி நாளிலேயே நிரல் எழுதிப் பழகிய ஒருவர் அமர்ந்திருப்பார். அவர் அரைமணியில் பயிற்சியை முடித்துவிட, இவரோ அடைப்புக்குறி எந்த விசையில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பார். கேட்டால் சிரிப்பார்களோ என்ற கூச்சம் ஒருபுறம். ஆய்வக உதவியாளர் கன்னடத்திலோ மராத்தியிலோ பேசுகிறார் என்ற தயக்கம் மறுபுறம். முடிவில், அடுத்தவருடைய நிரலை அப்படியே பார்த்தெழுதி, ரெக்கார்டு நோட்டில் கையொப்பமும் வாங்கிவிடுகிறார். பருவ இறுதியில் செய்முறைத் தேர்வு வரும்போது, பக்கத்தில் யாரிடமும் கேட்க முடியாது. வாய்மொழித் தேர்வில், "இந்த வரியை ஏன் எழுதினாய்?" என்ற முதல் கேள்வியிலேயே எல்லாம் வெளிப்பட்டுவிடும். கூச்சத்திற்கு அவர் கொடுக்கும் விலை இதுவே.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. "சார், புரோகிராம் ஓடவில்லை" என்பது, மருத்துவரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லி நிற்பதற்கு ஒப்பாகும். என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், திரையில் வந்தது என்ன, இம்மூன்றையும் சொல்லுங்கள். பிழைச்செய்தி சிவப்பு எழுத்தில் வந்தவுடன் அஞ்சி அதை மூடிவிடுகிறவர்கள் அநேகர். மூடாதீர்கள், எழுத்துப் பிசகாமல் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சி மொழியில் இருபது பிழைகள் வரிசையாக வந்தாலும், முதலாவதை மட்டும் முதலில் பாருங்கள். ஓர் அரைப்புள்ளி விடுபட்டதனால் மற்றவை அனைத்தும் கிளைத்திருக்கக்கூடும். அது சுட்டும் வரிக்கு மேல்வரியில்கூடக் குற்றம் இருக்கலாம். பைத்தானிலோ, செய்தியின் கடைசி வரிதான் பிழையின் வகையைச் சொல்லும்.

1999இல் வெளிவந்த 'தி பிராக்மாட்டிக் புரோகிராமர்' என்ற நூலில் ஒரு வேடிக்கையான வழி சொல்லப்பட்டிருக்கிறது: மேசையின்மேல் ஒரு ரப்பர் வாத்துப் பொம்மையை வைத்து, நிரலை அதற்கு வரிவரியாக விளக்க வேண்டுமாம். விளக்கும்போதே தவறு கண்ணில் படும். ஆய்வகத்திற்கு வாத்தைக் கொண்டுபோக வேண்டாம். நோட்டுப் புத்தகமே போதும்.

உதவியாளரை அவர் மொழியில் அழைத்துப் பாருங்கள். பெங்களூரில் "ஸ்வல்ப நோடி சார்" என்று நீங்கள் சொல்லும் மூன்று சொற்கள் பாதி வேலையை முடித்துவிடும். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழைக்கும்போது அவர் எரிச்சலோடு பேசினால், அதை உங்கள்மேல் உள்ள வெறுப்பாக எடுத்துக்கொள்ளாதிருங்கள். 2022 நவம்பரில் வெளியான சாட்ஜிபிடி போன்றவற்றிடமும் கேட்கலாம். ஆனால் விடையைக் கேளாமல், பிழைச்செய்தியின் பொருளைக் கேளுங்கள்.

இனி, தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. உதவி செய்கிறேன் என்று சொல்லி, அடுத்தவருடைய விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்துத் தடதடவென்று தட்டி முடித்துவிட்டு எழுந்துபோகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது உதவியன்று. கற்றுக்கொள்ள அவருக்கு இருந்த நேரத்தையே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இந்த வரி என்ன செய்கிறது, சொல் பார்ப்போம்" என்று கேளுங்கள், அவரே தட்டட்டும். முழு நிரலையும் பென் டிரைவில் கொடுப்பதை நட்பு என்று நான் எண்ணவில்லை. நீங்கள் தமிழிலேயே விளக்கிக்கொண்டிருக்கையில், பக்கத்து இருக்கை மராத்திப் பெண்ணும் அதே இடத்தில் தவித்துக்கொண்டிருக்கலாம். அவளுக்கும் புரியும் மொழியில் ஒருமுறை சொல்லுங்கள்.

செருப்பை வெளியே விடுவதும், தின்பண்டங்களைத் தவிர்ப்பதும் நீங்கள் அறிந்தவையே. அறியாதவற்றைச் சொல்கிறேன். உங்கள் சுட்டி வேலை செய்யவில்லையென்றால், அடுத்த கணினியின் சுட்டியைக் கழற்றி மாட்டாதீர்கள்; அடுத்த வகுப்பில் அங்கே அமர்கிறவர் தவிப்பார். பதிவேட்டில் குறையை எழுதுங்கள். பொத்தானை அழுத்திப் பிடித்துக் கணினியை அணைக்காதீர்கள். எழும்பு முன் மின்னஞ்சலிலிருந்தும் வாட்ஸ்அப் வெப்பிலிருந்தும் வெளியேறுங்கள். மற்றவர் கணக்கு திறந்து கிடந்தால், வாசிக்காமல் மூடிவிடுங்கள். பிறருடைய கடவுச்சொல்லை வஞ்சகமாகப் பயன்படுத்துவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. விளையாட்டாகச் செய்தேன் என்று பின்னர் சொல்லித் தப்புவது எளிதல்ல.

வீட்டில் மடிக்கணினி உள்ளவர்கள், பயிற்சி முடிந்தபின்னும் ஆய்வக இருக்கையில் காணொளி பார்த்துக்கொண்டிராமல் எழுந்து இடம் கொடுக்கலாம். இல்லாதவர்கள், கால அட்டவணையில் ஆய்வகம் காலியாக இருக்கும் பாடவேளைகளைக் குறித்துக்கொண்டு, துறைத்தலைவருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். அதில் உங்கள் பதிவெண், வேண்டிய நாளும் மணியும், செய்து பார்க்கவேண்டிய பயிற்சிகளின் எண்கள், இவை இருந்தால் போதும். நான்கைந்து பேர் சேர்ந்து கையொப்பமிட்டுக் கொடுத்தால், மறுப்பது அவருக்குக் கடினம்.